கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை, களைக்கொல்லி அடிக்கலாமா?

மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். ஊர்ல 30 ஏக்கர் கண்மாய், ரெண்டு வருஷமா ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கு. போன வருஷம் வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி ஜேசிபி விட்டு எடுத்திருக்காங்க, நாலு மாசத்துல பழையபடி ஆயிருச்சு. போன மாசம் மழை பெஞ்ச மறுநாள் விடியக்காலைல கட்லா ரோகு எல்லாம் செத்து மிதந்திருக்கு, விரால் மட்டும் தப்பிச்சிருக்கு. உரக்கடைல களைக்கொல்லி அடிச்சா ஒரே வாரத்துல காஞ்சிரும்னு சொல்றாங்களாம். அடிக்கலாமா, எடுக்குற செடிய எருவாக்க முடியுமா, மீன் ஏன் செத்துச்சு, இதான் கேள்வி.

அடிக்காதீங்க. காரணத்த கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஊர்க்கூட்டத்துல உங்கள நாலு பேரு மடக்கிக் கேப்பாங்க.

செடி காயும், அதுல கடைக்காரர் சொல்றது பொய் இல்ல. கிளைபோசேட்டோ 2,4-டியோ அடிச்சா இலை பழுத்துச் சுருண்டு போயிரும். ஆனா காஞ்ச செடி எங்க போகும்? அப்படியே தண்ணிக்குள்ள முங்கும், அங்க அழுகும், அழுக வைக்கிற பாக்டீரியா தண்ணில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன இழுத்துக்கும், மிச்சம் இருக்கிற மீனும் போயிரும். அழுகி முடிஞ்சதும் செடிக்குள்ள இருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் திரும்ப தண்ணிக்கும் சேத்துக்கும் வந்துரும், அடுத்த செட்டு செடிக்கு அதான் சாப்பாடு. காசு குடுத்து மருந்து வாங்கி அடுத்த வருஷ ஆகாயத்தாமரைக்கு நீங்களே உரம் போட்ட மாதிரி ஆயிரும். இன்னொன்னு, அந்தத் தண்ணி மடை வழியா வயலுக்குப் போகுது, மாடு குடிக்குது. 2,4-டி காத்துல லேசா பறந்து பக்கத்துக் காட்டுப் பருத்தி மேல பட்டாலே போதும், இலை திருகிக்கும், அப்புறம் கண்மாய் பிரச்சனை போயி பங்காளிப் பிரச்சனை வந்துரும்.

இப்ப அசல் விஷயத்துக்கு வருவோம். ஆகாயத்தாமரை நம்ம ஊர்ச் செடி இல்ல, தென் அமெரிக்காவுல அமேசான் பக்கத்துது. ஊதாப் பூ அழகா இருக்கேன்னு 19ஆம் நூற்றாண்டுல வங்காளத்துக்குக் கொண்டுவந்தாங்க, அது ஆறு வாய்க்கால எல்லாம் அடைச்சு, 1936ல இதுக்குன்னே தனியா ஒரு சட்டம் போடுற அளவுக்குப் போச்சு. அதோட சொந்த ஊர்ல அதைத் தின்கிற பூச்சி இருக்கு, இங்க இயற்கையா இல்ல. ஆனா பூச்சி இல்லாதது மட்டும் காரணம்னா தமிழ்நாட்டுல எல்லாக் கண்மாயும் மூடியிருக்கணும்ல? மானம்பார்த்த பூமில, மழைத்தண்ணி மட்டும் வர்ற கண்மாய்ல இது இவ்வளவு கொழுக்காது. எந்தக் கண்மாய்ல ஊர்ச் சாக்கடை சேருதோ அங்கதான் கொழுக்கும்.

இதை கனடாவுல ரொம்ப சுத்தமா நிரூபிச்சுக் காமிச்சாங்க. டேவிட் ஷிண்ட்லர்னு ஒரு ஏரி விஞ்ஞானி, ஒன்டாரியோ மாகாணத்துல 226ன்னு நம்பர் போட்ட ஒரு ஏரிய 1973ல நடுவுல திரை போட்டு ரெண்டாப் பிரிச்சார். ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பாசி பிடிச்சுப் பச்சையாச்சு, இன்னொரு பக்கம் தெளிவாவே இருந்துச்சு. அது பாசி, உங்களுது மிதக்குற செடி, ஆனா சாப்பாடு ஒண்ணுதான். உங்க கண்மாய்க்கு அது எங்க இருந்து வருதுன்னு பாருங்க: துணி துவைக்கிற சோப்புத்தூள், குளிச்ச தண்ணி, கக்கூஸ் குழி வழிஞ்சு வர்றது, ராத்திரில செப்டிக் டேங்க் லாரி வந்து ஓரமா ஊத்திட்டுப் போறது, மேல வயல்ல இருந்து மழைல கரைஞ்சு வர்ற யூரியா டிஏபி. மீன் பாசி குத்தகை எடுத்தவர் மீன் சீக்கிரம் பெருக்கட்டும்னு கோழிக்கழிவு கொட்டுறாரான்னும் பாருங்க, நிறைய ஊர்ல இது நடக்குது, யாரும் வெளிய சொல்றதில்ல.

மீன் செத்ததும் இதே கதையோட இன்னொரு பக்கம்தான். தண்ணில ஆக்சிஜன் ரெண்டு வழியா வரும், காத்துல இருந்து கரையும், இல்ல தண்ணிக்குள்ள இருக்கிற பாசியும் செடியும் பகல்ல வெயில்ல விடும். ஆகாயத்தாமரை மூடிட்டா வெயிலும் உள்ள போகாது, காத்தும் சரியா படாது, அது விடுற ஆக்சிஜனும் மேல காத்துக்குத்தான் போகும். 30 டிகிரி சூட்டுல நல்ல தண்ணிலயே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிக்கும், கெண்டை நல்லா இருக்க 5 வேணும், ரெண்டுக்குக் கீழ வந்தா மூச்சு முட்டும். ராத்திரி முழுக்க எல்லா உயிரும் இழுத்துக்கிட்டே இருக்கும், யாரும் விட மாட்டாங்க, அதனால விடியக்காலைலதான் ரொம்பக் கம்மியா இருக்கும். அந்த நேரம் பாத்து மழை வந்து தெருச்சாக்கடை மொத்தத்தையும் அடிச்சுட்டு வந்து, அடிச்சேத்தையும் கலக்கி விட்டா முடிஞ்சுது. விராலும் தேளியும் மேல வந்து வாயால காத்தை எடுக்கத் தெரிஞ்ச மீனு, அதான் தப்பிச்சது. இதுல யாரோ விஷம் வெச்சுட்டாங்கன்னு ஊருக்குள்ள சண்டை வந்திருந்தா விடியக்காலைல செத்ததையும் விரால் தப்பிச்சதையும் சொல்லுங்க, விஷம்னா பெரும்பாலும் விராலையும் விட்டு வெக்காது. செத்த மீன யாரும் எடுத்துச் சாப்பிட வேண்டாம், வெளிய எடுத்துப் புதைச்சிருங்க, உள்ளயே விட்டா அதுவும் அழுகி ஆக்சிஜன தின்னும். இனிமே மீன் கும்பலா மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுறத பாத்தா மோட்டார் போட்டு அதே தண்ணிய மேல தூக்கி பீச்சி அடிங்க, கொஞ்சமாவது தப்பிக்கும்.

சரி, என்னதான் செய்றது. போன வருஷம் ஜேசிபி விட்டது தப்பில்ல, பாதில விட்டதுதான் சிக்கல்னு நினைக்கிறேன். இந்தச் செடி நல்ல சாப்பாடு கிடைச்சா ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்காகும், சில சமயம் அதுக்கும் முன்னாடியே. நூத்துக்குத் தொண்ணூறு எடுத்துட்டோம்னு கைதட்டிட்டு வீட்டுக்குப் போனா மிச்சப் பத்து இருபதாகி நாப்பதாகி ஆறே வாரத்துல எண்பது ஆயிரும். அதனால பெரிய எடுப்பு ஒரு தடவை, அதுக்கப்புறம் வாரம் ஒரு நாள் பரிசல்லயோ டியூப்லயோ போயி தப்பிச்ச குட்டிச்செடிய கையால பொறுக்குறது, இந்தப் பொறுக்குற வேலைக்குத்தான் காசையும் ஆளையும் ஒதுக்கி வைங்க. விதை சேத்துக்குள்ள 15 வருஷத்துக்கு மேலகூட உயிரோட கிடக்கும், தண்ணி வத்தித் திரும்ப வரும்போது முளைக்கும், அதனால மூணு நாலு வருஷமாவது பொறுக்கணும். எடுக்குறதுக்கு கோடைதான் நல்ல நேரம், தண்ணி கம்மியா ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும். வரத்துக்கால் வாய்ல மூங்கிலும் வலையும் வெச்சு ஒரு தடுப்பு கட்டிருங்க, மேல கண்மாய்ல இருந்து மிதந்து வர்றத அங்கயே பிடிச்சிரலாம்.

எடுத்த செடிய கரையோரமாவே போடாதீங்க, அடுத்த மழைல திரும்ப உள்ளதான் இறங்கும். இறுகிப் படர்ந்திருந்தா ஒரு ஏக்கர்லயே 100 டன் வரைக்கும் வரலாம், ஆனா அதுல 95 சதவீதம் வெறும் தண்ணி. கரைக்கு அந்தப்பக்கம் சரிவுல நாலஞ்சு நாள் வெயில்ல வாட விட்டுட்டு அப்புறம் ஏத்துங்க, டிராக்டர் வாடகை பாதிக்கு மேல மிச்சமாகும். அந்த 100 டன்ல காஞ்ச எடை 5 டன், அதுல நைட்ரஜன் சுமாரா 2 சதவீதம்னு வெச்சா 100 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 5 மூட்டை யூரியாவுல இருக்கிற அளவு. மருந்தடிச்சா இவ்வளவும் கண்மாய்க்குள்ளயே தங்கும், வெளிய இழுத்தா உங்க வயலுக்கு. பொடியா நறுக்கி, சாணிக்கரைசல் தெளிச்சு, வைக்கோல் சருகோட அடுக்கி மூடி வெச்சா மூணு மாசத்துல எருவாகும், சூடு நல்லா ஏறணும், அப்பதான் விதை சாகும். ஒரே ஒரு எச்சரிக்கை: சாயப்பட்டறை, தோல், முலாம் பூசுற பட்டறைத் தண்ணி வர்ற கண்மாயா இருந்தா எருவாக்கவே வேண்டாம். இந்தச் செடி ஈயம் காட்மியம் குரோமியம் எல்லாத்தையும் வேர்ல சேத்து வெச்சுக்கும்.

புல்கெண்டை விட்டா தின்னுரும்னு சொல்வாங்க, தண்ணிக்கடில வளர்ற பாசியத் தின்னும், ஆகாயத்தாமரைய அது பெருசா சட்டை பண்ணாது. கூன்வண்டுன்னு ஒண்ணு இருக்கு, அது நெஜமாவே தின்னும். பெங்களூர்ல தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1980கள்ல வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு விட்டாங்க, மணிப்பூர் லோக்தாக் ஏரில நல்லா வேலை செஞ்சுது. ஆனா வருஷக்கணக்குல ஆகும், சாக்கடை வர்ற வரைக்கும் வண்டு தின்கிறத விட செடி வேகமா வளரும்.

அதனால சாக்கடைதான் முதல் வேலை, ஜேசிபி அதுக்கப்புறம். கண்மாய் ஓரத்துத் தெருவுல வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி போட வைங்க, நூறு நாள் வேலைல இதெல்லாம் செஞ்சிருக்காங்க, பஞ்சாயத்துல கேளுங்க. மொத்தமா வந்து விழுற வாய்க்காலுக்கு முகத்துல ஒரு பள்ளம் எடுத்து, சேறு அடியில படியவிட்டு, அடுத்து ஜல்லி மணல் போட்ட பாத்தில கல்வாழையும் சம்பும் நட்டு அது வழியா விட்டா ஊட்டம் கணிசமா குறையும், ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை வெட்டி வெளிய எடுக்கணும், படிஞ்ச சேறையும் அள்ளணும், விட்டுட்டா வேஸ்ட். செப்டிக் லாரி நம்பர போட்டோ எடுத்து எழுத்துல குடுங்க, வாய்ச்சொல்லா சொன்னா நிக்காது.

எதுல கை வெக்கிறதுக்கும் முன்னாடி கண்மாய் யாரோடதுன்னு பாத்துக்கோங்க. ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், 40 ஹெக்டேருக்கு (சுமார் 100 ஏக்கர்) மேல இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழ ஊராட்சி ஒன்றியம். நீங்க சொன்ன 30 ஏக்கர் தண்ணி நிக்கிற பரப்பா ஆயக்கட்டான்னு புரியல, விஏஓ கிட்ட கணக்கு இருக்கும். மீன் குத்தகை ஓடிட்டிருந்தா அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க, மீன் செத்ததுல நஷ்டப்பட்டவர் அவர்தானே, கோழிக்கழிவ நிறுத்தச் சொல்ல இதை விட நல்ல நேரம் கிடைக்காது.