நான்கு சக்கரமும் இழுக்கும் காருக்கு ஐந்தாவது டயர் எது?

சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, வணக்கம். 2017ஆம் ஆண்டு சுபாரு ஃபாரஸ்டர் ஒன்றைச் சென்ற மாதம் பழையதாக வாங்கினேன். காரின் பின்பெட்டிக்கு (பூட்) அடியில் ஸ்பேர் டயர் இருக்க வேண்டிய குழி காலி. பங்சர் அடைக்கும் திரவப் புட்டி ஒன்றும் சின்னக் காற்றுப் பம்பும்தான் கிடக்கின்றன. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கேமரன் மலைக்குப் போகிறோம். டயர் கடைக்காரர் ஒருவர், வேறொரு ஜப்பானியக் காரில் கழற்றிய ஒல்லி ஸ்பேர் வீல் ஒன்றை 90 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். 'அஞ்சு ஓட்டையும் உட்காரும், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க' என்கிறார். அதில் டி135/80 ஆர்16 என்று இருக்கிறது. என் டயர்கள் 225/60 ஆர்17, பள்ளத்தின் ஆழம் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. வாங்கலாமா?"

வாங்காதீர்கள். ஓட்டை பொருந்துவது கடைசிக் கேள்வி. நான்கு சக்கரமும் இழுக்கும் உங்கள் வண்டிக்கு முதல் கேள்வி, அந்த டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான்.

கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். 225/60 ஆர்17 என்றால் டயரின் அகலம் 225 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு, அதாவது 135 மி.மீ.; ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. மேலும் கீழும் ஒவ்வொரு சுவர் இருப்பதால் 135ஐ இரண்டு முறை கூட்டினால் மொத்த விட்டம் 701.8 மி.மீ. புது டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. உங்களுடையதில் 5 மி.மீ. இருப்பதால் விட்டத்தில் 6 மி.மீ. தேய்ந்திருக்கும். 695.8ஐ 3.1416ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 2,186 மி.மீ. அந்த ஒல்லி வீலுக்கும் இதே கணக்குத்தான்: விட்டம் 622.4, சுற்றளவு 1,955.

ஒரு சுற்றுக்கு 23 சென்டிமீட்டர் குறைகிறது. மற்ற மூன்று சக்கரங்களும் ஒரு கிலோமீட்டருக்கு 457 முறை சுற்றும்போது இது 511 முறை சுற்றியாக வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் பாருவுக்குச் சுமார் 330 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரே ஒரு சக்கரம் மற்றவற்றைவிட ஏறக்குறைய 18,000 முறை கூடுதலாகச் சுற்றியிருக்கும்.

முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரணக் காரில் பின்சக்கரங்கள் தம் போக்கில் உருள்கின்றன. பின்னால் ஒரு சின்ன டயரை மாட்டினால் அது வேகமாகச் சுற்றிவிட்டுப் போகும், எஞ்சினுக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரு தண்டால் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. நடுவே, சிவிடி என்ற தானியங்கி கியர்பாக்ஸின் பின்பகுதியில், பல தட்டுகள் அடுக்கிய ஒரு கிளட்ச் இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே வேக வித்தியாசம் வந்தால் அதை உள்வாங்குவது இந்தத் தட்டுகள்தான். வளைவில் திரும்பும்போது இப்படி உரசுவதும் நேராகப் போகும்போது ஓய்வெடுப்பதும் இயல்பு. தப்பான அளவில் ஒரு டயர் இருந்தால் நேர்ச்சாலையிலும் ஓய்வு கிடையாது. தட்டுகள் உரசிக்கொண்டே சூடாகும். அவை குளிப்பது கியர்பாக்ஸ் எண்ணெயிலேயே என்பதால் அந்த எண்ணெயும் சேர்ந்து கெடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறை மூன்றாம் மாடியில் இருந்த காலம். வாடிக்கையாளர் ஒருவர் மலேசியாவின் யோங் பெங் பக்கம் டயர் கிழிந்து, யாரோ கொடுத்த வேறு அளவு வீலை மாட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டார். அதோடு நிற்காமல் நான்கு நாள் வேலைக்கும் அதிலேயே போய்வந்திருக்கிறார். கட்டடத்தின் சுழல்பாதையில் ஏறும்போதே வண்டி நொண்டுவது எங்களுக்குக் கேட்டது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் பின்பக்கம் யாரோ பிடித்து இழுப்பதுபோல் விக்கி விக்கி நகர்ந்தது. எண்ணெயை வடித்தோம். கருகிய வாடை. விரலில் எடுத்துத் தேய்த்தால் சாம்பல் நிற மாவு ஒட்டியது. அத்தனையும் கிளட்ச் தட்டிலிருந்து உதிர்ந்தது. பாவம், அவர் நல்ல மனிதர், வண்டியைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவர். ஒரு டயர் இவ்வளவு செய்யும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மி.மீ. சொச்சத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாரு சொல்லும் வரம்பு. இது எவ்வளவு கறாரானது என்று பாருங்கள்: பள்ளம் 1 மி.மீ. தேய்ந்தாலே சுற்றளவு 6.28 மி.மீ. குறைந்துவிடும். வேறு நிறுவனங்கள் இதைவிடத் தாராளமான வரம்பு வைத்திருக்கலாம். ஆனால் எந்த நிறுவனமும் 230 மி.மீ.க்குத் தலையாட்டாது.

அப்படியானால் கார் நிறுவனங்களே ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் ஒல்லி ஸ்பேர் வைத்துக் கொடுக்கின்றனவே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஸ்பேர் பார்வைக்குத்தான் ஒல்லி. அகலம் குறைவாக இருந்தாலும் மொத்த உயரம் மற்ற டயர்களுக்குப் பக்கத்தில் வரும்படி பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். உதாரணத்துக்கு, டி145/90 ஆர்17 என்ற அளவின் விட்டம் 692.8 மி.மீ.; உங்கள் தேய்ந்த டயருக்கும் அதற்கும் வெறும் 3 மி.மீ. வித்தியாசம். டி145/80 ஆர்17 என்றால் 663.8, 32 மி.மீ. குறைவு. நடுவில் ஒரே ஓர் எண் மாறியிருக்கிறது. ஆகவே 'ஒல்லி ஸ்பேர்' என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். சேஸி எண்ணைக் கொடுத்து உங்கள் மாடலுக்கான பாக எண்ணைக் கேளுங்கள். அந்த டயரும் குறுகிய தூரத்துக்குத்தான்: அளவுக்கு முன்னால் 'டி' என்ற எழுத்து இருந்தால் தற்காலிகம் என்று பொருள், வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

இனி உங்களுக்கு எது சரி?

தீவை விட்டு வெளியே போகாத குடும்பம் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். தீவு விரைவுச்சாலை முழுவதுமே 43 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப் போகும். திரவப் புட்டியோடு காலம் தள்ளலாம்; புட்டியின் காலாவதித் தேதியை மட்டும் பாருங்கள்.

நீங்கள் போவது கேமரன். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பாதை வளைவுக்கு மேல் வளைவு. ஓரத்தில் உடைந்த தார் விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டால் புட்டித் திரவம் எதற்கும் உதவாது. அது ஆணியோ திருகோ தரைபடும் பகுதியில் குத்திய சிறு ஓட்டைக்குத்தான். மேலும் விடுமுறை நாளில் மாலை ஆறு மணிக்கு மேல் உங்கள் அளவு டயர் அந்த மலையில் கிடைக்கும் என்று நம்பிப் போகவும் முடியாது. வயதான அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே முழு அளவு ஸ்பேர்தான் என் பரிந்துரை: அதே 225/60 ஆர்17, அதே மாடலின் ரிம்மில்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வசதி உண்டு. சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டில் முடிவதால் உங்கள் மாடல் வண்டிகள் தொடர்ந்து பதிவு நீக்கப்பட்டு வருகின்றன. பழைய பாகக் கடைகளில் ஒற்றை ரிம் தேடினால் அகப்படும். ஆனால் கவனம். உங்கள் தலைமுறை ஃபாரஸ்டரின் போல்ட் வட்டம், அதாவது ஐந்து ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், 100 மி.மீ. அடுத்து வந்த தலைமுறையில் அது 114.3 ஆக மாறிவிட்டது. 'ஃபாரஸ்டர் ரிம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். நடு ஓட்டையும் அப்படியே: சுபாருவுக்கு 56.1 மி.மீ. வேண்டும். போல்ட் வட்டம் அதே 100 மி.மீ. உள்ள சில டொயோட்டா செடான்களின் நடு ஓட்டை 54.1 மட்டுமே. ஐந்து ஓட்டையும் கண்ணுக்குப் பொருந்தும், வீல் மட்டும் உட்காராது. உங்கள் கடைக்காரர் சொன்ன வீலும் இந்த வகையாக இருக்க வாய்ப்புண்டு. எந்த ரிம்மாக இருந்தாலும் கடையிலேயே முன்சக்கரத்தில் ஒருமுறை மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக்கில் உரசக் கூடாது.

டயரைப் பொறுத்தவரை, இப்போதுள்ள நான்கின் அதே பிராண்டு, அதே வடிவத்தில், 5 மி.மீ. பள்ளத்தோடு பழையது கிடைத்தால் உத்தமம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வயது தாண்டியதை ஸ்பேருக்காக வாங்காதீர்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதிரும். பழையது கிடைக்காமல் புதிதே போட்டாலும் மோசமில்லை. 8 மி.மீ.க்கும் 5 மி.மீ.க்கும் சுற்றளவில் 19 மி.மீ. வித்தியாசம், கிலோமீட்டருக்கு நான்கு சுற்று. சுபாருவின் வரம்புக்கு மேல்தான், ஆனால் வீடு வந்து சேர அதில் ஆபத்தில்லை. வந்ததும் மாற்றிவிட வேண்டும். அடுத்த முறை நான்கையும் மாற்றும்போது ஐந்தாக வாங்கி, இடம் மாற்றிப் போடும்போது ஸ்பேரையும் சுழற்சியில் சேர்த்துவிடுங்கள். பிறகு எந்த டயர் போனாலும் ஐந்தாவது அதே தேய்மானத்தில் தயாராக இருக்கும். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய அம்புக்குறி டயர்களில் இது சிக்கல். அவற்றைத் தவிர்த்தால் நல்லது.

குழியில் முழு டயர் முழுதாக இறங்காமல் பூட் தரை சற்று மேலெழலாம். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் அது. நடு போல்டால் இறுக்கியோ பட்டையால் கட்டியோ வையுங்கள். பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் அது சும்மா கிடக்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் வாய்ப்பாட்டைவிட ஒரு சாக்குக்கட்டி போதும். புளோக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் டயரின் அடியிலும் தரையிலும் ஒரே இடத்தில் கோடு போடுங்கள். ஒரு முழுச் சுற்று உருட்டி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே அளந்தால் அதுதான் நமக்கு வேண்டிய எண். காரின் எடை ஏறிய டயர் கொஞ்சம் அமுங்கியிருக்கும் என்பதால், ஒப்பிடும் இரண்டு டயரையும் ஒரே காற்றழுத்தத்தில், ஒரே சக்கர இடத்தில் மாட்டி உருட்டுங்கள்.

உங்கள் மாடலுக்கே உரிய தற்காலிக ஸ்பேரை வாங்குவதென்று முடிவு செய்தாலும் தவறில்லை. ஆனால் அதில் 420 கேபிஏ (கிலோபாஸ்கல்) காற்றழுத்தம் வேண்டும், பிஎஸ்ஐ கணக்கில் 60. மற்ற டயர்களைப்போல் 230 வைத்தால் வழியில் சப்பையாகி நிற்கும். எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதற்குக் கையேட்டைப் பாருங்கள். சில சுபாரு கையேடுகள் பின்னால் மட்டும் மாட்டச் சொல்கின்றன: முன்டயர் போனால், பின்னாலுள்ள நல்ல டயரை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்பேரைப் பின்னால் போட வேண்டும். இரண்டு முறை ஜாக்கி ஏற்றும் வேலைதான். இருந்தாலும் மழையில் பிரேக் பிடிப்பது பெரும்பாலும் முன்சக்கரங்கள் என்பதை நினைத்தால் அந்தச் சிரமம் தகும். நெடுஞ்சாலையில் வலப்பக்க டயரைக் கழற்ற மட்டும் முயலாதீர்கள். நம் முதுகு வண்டிகளின் பக்கம் இருக்கும். ஓரமாக நிறுத்தி, எல்லோரையும் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்து, உதவிக்கு அழையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வரி: டொயோட்டாவின் இ-ஃபோர் ஹைப்ரிட், இரட்டை மோட்டார் மின்கார் போன்றவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டு கிடையாது, பின்னால் தனி மோட்டார். மேலே சொன்ன கிளட்ச் கவலை அவற்றுக்கு இல்லை. ஆனால் சக்கர வேகத்தை அளக்கும் உணரிகள் குழம்பி எச்சரிக்கை விளக்கு எரியலாம். அளவு பார்த்து வாங்குவதே அவற்றுக்கும் நல்லது.

கடைசியாக உங்களுக்கு. பழைய உரிமையாளர் ஸ்பேரை எடுத்தபோது ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் சேர்த்து எடுத்திருக்கலாம். இன்றைக்கே தேடிப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் மற்ற நட்டுகளைப்போல் இல்லாத ஒன்று இருந்தால் அது திருட்டுக்குப் பூட்டும் நட்டு. அதற்குத் தனிச் சாவி உண்டு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், பெரும்பாலும் முன்பெட்டியில் காகிதங்களுக்கு அடியில் கிடக்கும். அது இல்லையென்றால் டிசம்பருக்கு முன் பட்டறையில் கொடுத்து அந்த நான்கு நட்டுகளையும் சாதாரண நட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மரையின் அளவு எம்12, இடைவெளி 1.25, டொயோட்டா நட்டின் 1.5 இதற்கு ஏறாது.