வேலை போகும் என்றால் முதலில் கைக்கு வர வேண்டியது காகிதம்
வாசகர் கேள்வி – பதில்: பல்கலைக்கழக நிதி நெருக்கடியும் ஆட்குறைப்பும்

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் 7 ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் எழுத்தராக இருக்கிறேன். 'நிதி இல்லை, ஜூன் முதல் வர வேண்டாம்' என்று பிரிவு அலுவலர் வாயால் சொல்லிவிட்டார். ஆணை எதுவும் தரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

அவர் வாயால் சொன்னதை நீங்கள் எழுத்தில் கொண்டுவாருங்கள். இன்ன தேதியில் இன்ன அலுவலர் இப்படிச் சொன்னார், எழுத்துப்பூர்வ ஆணை வரும்வரை பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இதைச் செய்யாதவர்களைப் பற்றித்தான் பின்னாளில், 'நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வராமல் நின்றுவிட்டார்' என்று நிர்வாகத் தரப்பு சொல்லும். அப்போது அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்தது, உள்ளே போக முடிகிறபோதே ஆதாரங்களைச் சேருங்கள். முதல் நியமன ஆணை, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பட்டியல், அடையாள அட்டை, தேர்வுப் பணி போன்றவற்றுக்கு உங்கள் பெயரில் வந்த சுற்றறிக்கைகள் எல்லாம் வேண்டும். கடைசி 12 மாதங்களில் 240 நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று காட்டுவதே நோக்கம். தொழிலாளர் சட்டம் சொல்லும் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருகிற ஒருவர் அதைக் காட்டிவிட்டால், ஆட்குறைப்புக்கு முன் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு உண்டு. ஒரே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும். பிறகு ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை.

சிக்கல் எங்கே வரும்? ஆணையில் '11 மாதங்களுக்கு மட்டும்' என்று இருந்தால், ஒப்பந்தம் தானாக முடிந்தது, இது ஆட்குறைப்பே அல்ல என்று வாதிடுவார்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி ஆணை தந்திருந்தால், வேலை நிரந்தரத் தன்மையுடையது என்று காட்ட அந்த ஆணைகளே உதவும். ஆகவே ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

பணி நிரந்தரம் கேட்க முடியுமா என்றும் பலர் கேட்கிறார்கள். முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர்கள் அதை உரிமையாகக் கோர முடியாது என்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. ஆனால் பல ஆண்டுகள் வேலை வாங்கிவிட்டு அந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரிடம் போகும்போது இரண்டையும் கேளுங்கள்.

கௌரவ விரிவுரையாளருக்கும் இதே விதிதானா?
– வாசகர், திருச்சி

இல்லை. ஆசிரியர் 'தொழிலாளர்' ஆக மாட்டார் என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988-இலேயே தீர்ப்பாகிவிட்டது. தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுத்து மாதங்களை வீணாக்க வேண்டாம், உங்கள் வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்பின் நடவடிக்கையை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு. அங்கே வலுவான வாதம் ஒன்று உண்டு. ஒரு தற்காலிகப் பணியாளரை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு தற்காலிகரை வைக்கக் கூடாது என்பது 1992-இன் பியாரா சிங் தீர்ப்பு. எனவே உங்களை நிறுத்திய பிறகு அதே பாடத்துக்கு விளம்பரம் வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் தேதியோடு எடுத்து வையுங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியருக்கும் உண்டு. அதை உறுதிசெய்யும் சட்டத் திருத்தம் 2009-இல் வந்தது. பொதுவாக 5 ஆண்டு தொடர்பணி வேண்டும். வாரத்துக்கு 6 நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் ஓர் ஆண்டுக்கு 190 நாள் போதும், மற்ற இடங்களில் 240. கணக்கு இதுதான்: கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × ஆண்டுகள். மாதம் 30,000 ரூபாய், 12 ஆண்டு என்றால் சுமார் 2,07,692 ரூபாய். 'இது சம்பளம் அல்ல, மதிப்பூதியம்' என்று தட்டிக்கழிப்பார்கள். மாதா மாதம் ஒரே தொகை வங்கியில் ஏறியிருந்தால் அந்த வாதம் பலவீனப்படும்.

சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற பழம்பெரும் நிறுவனத்துக்கே பணமுடை வருவது எப்படி? ஆட்குறைப்பால் அது தீருமா?
– வாசகர், வேலூர்

1857-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட தொகை சுமார் 424 கோடி ரூபாய். இதன் பின்னணியைப் புரிந்துகொண்டால் மற்ற இடங்களின் நிலைமையும் விளங்கும்.

அரசின் பணத்தில் பெருமளவு நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. அதற்கான விதி, ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்றது. தணிக்கைத் தடைகளை, அதாவது கணக்கில் தணிக்கையாளர் எழுப்பித் தீராமல் நிற்கும் ஆட்சேபங்களைக் காட்டி மாநில அரசு மானியத்தைக் குறைக்கிறபோது அந்த விகிதம் சரிகிறது, வரி வந்து நிற்கிறது. மானியமும் போய், விலக்கும் போய், இரட்டை அடி.

வரவும் பல பக்கம் சுருங்கியிருக்கிறது. புதிய பல்கலைக்கழகங்கள் பிறந்தபோதெல்லாம் பழையவற்றிலிருந்து இணைப்புக் கல்லூரிகள் பிரிந்தன. 1982-இல் பாரதியாரும் பாரதிதாசனும், 1990-இல் மனோன்மணியம் சுந்தரனாரும், 2002-இல் திருவள்ளுவரும் அப்படி வந்தவை. கல்லூரி போனால் தேர்வுக் கட்டணமும் போகும். தொலைநிலைக் கல்விக்கும் கட்டுப்பாடு வந்தது: 2020 விதிப்படி நாக் (கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பெண் 3.01 அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100-க்குள் இடம் வேண்டும். ஓய்வூதியமோ ஆண்டுக்காண்டு ஏறுகிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 20,000 ரூபாய் வாங்கும் 100 பேரை அனுப்பினால் ஆண்டுக்கு மிச்சம் 2.4 கோடி. நூறு குடும்பங்களின் அடுப்பு அணைகிறது, ஓட்டை அடைபடுவதில்லை. அந்த நூறு பேரில் பாதிப் பேர் தேர்வுப் பிரிவில் இருந்தால் முடிவுகள் தாமதமாகும், சான்றிதழ் தேங்கும், மிச்சமிருக்கும் வருவாயும் குறையும். ஆசிரியரைக் குறைத்தால் மாணவர்–ஆசிரியர் விகிதம் கெடும், நாக் மதிப்பெண் இறங்கும், தொலைநிலை அனுமதியே கேள்விக்குள்ளாகும். இதை அறிந்தும் முதல் வெட்டு தொகுப்பூதியக்காரர் மேலேயே விழுவதற்குக் காரணம், அவர்களை அனுப்ப ஒரு பக்க ஆணை போதும் என்பதுதான். இது அநியாயம்.

முதலில் தொட வேண்டியது தணிக்கைத் தடைகளை. அவற்றில் கணிசமானவை கருத்தரங்குக்கும் தேர்வுக்கும் வாங்கி, ரசீது கொடுத்து நேர்செய்யாமல் விட்ட முன்பணங்கள். பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையுடன் கூட்டமர்வு நடத்தித் தடைகளை நீக்கினால், நிறுத்திய மானியத்தைக் கேட்க வாய் வரும்.

எங்கள் பல்கலைக்கழகக் கணக்கை வெளியிலிருந்து பார்க்க முடியுமா?
– முன்னாள் மாணவர், கோவை

முடியும். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'நிதி நிலைமை என்ன' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கடைசி 3 ஆண்டு வரவு–செலவு அறிக்கை, ஆட்சிக்குழுத் தீர்மானங்கள், நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகளின் எண்ணிக்கையும் தொகையும், உரிய காலத்துக்கு முன் உடைத்த வைப்பு நிதிகளின் பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வந்ததும் ஓர் இடத்தை உற்றுப் பாருங்கள். ஆய்வுத் திட்டப் பணம், அறக்கட்டளை நிதி, உதவித்தொகை, பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடித்த தொகை ஆகியவை தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டியவை. அவற்றை எடுத்துச் சம்பளம் போட்டிருந்தால் நெருக்கடி முற்றிவிட்டது என்று பொருள்.

பணிநிரவலில் வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். போகலாமா?
– வாசகர், சிதம்பரம்

2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றபின், மிகையாக இருந்தவர்களை இப்படித்தான் அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பினார்கள். வேலையை இழப்பதைவிட இது எவ்வளவோ மேல், போங்கள். போகுமுன் ஆணையில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: தாய்ப்பணியிடத்தில் உங்கள் உரிமை தொடருமா, பணிமூப்பு எங்கே கணக்கிடப்படும், ஓய்வூதியப் பங்களிப்பையும் விடுப்புச் சம்பளத்தையும் யார் கட்டுவார்கள். மூன்றாவது விடுபட்டால் ஓய்வு பெறும் நாளில் இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும். பணிப்பதிவேட்டின் நகலையும் இறுதி ஊதியச் சான்றையும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

பல்கலைக்கழகத்தில் ஏஜென்சி மூலம் துப்புரவுப் பணி செய்தேன். நிறுத்திவிட்டார்கள். பிடித்த பி.எஃப். கணக்கில் இல்லை.
– வாசகி, சேலம்

ஏஜென்சி கட்டாவிட்டால், அதன் மூலம் வேலை வாங்கிய முதன்மை முதலாளி என்ற முறையில் பல்கலைக்கழகம் பொறுப்பு. மாதப் பங்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஏற வேண்டும். உங்கள் யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினர் எண்) வைத்துப் பாஸ்புக்கை எடுத்து, ஏறாத மாதங்களைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். அந்தப் பட்டியலுடன் வட்டார வருங்கால வைப்புநிதி ஆணையருக்கு மனு கொடுங்கள், பதிவாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உடன் வேலை பார்த்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.