ஆய்வேடு நிற்கிறது, பதிவுக் காலம் முடிகிறது: என்ன செய்யலாம்?

தங்கச்சி, ஹட்டனில் வங்கி வேலையோடு எம்.பி.ஏ. படிக்கிறீர்கள், பாடங்கள் எல்லாம் சித்தி, ஆய்வேடு மட்டும் பாக்கி, பதிவு முடிய மூன்று மாதம்தான் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கால நீடிப்புக்கு இந்த வாரமே கடிதம் கொடுங்கள். பதிவு காலாவதியான பிறகு கேட்டால் பதிலே வேறு. நான் படித்த காலத்தில் என் நீடிப்பைப் போனில் கேட்டேன், அலுவலகத்தில் "சரி, பார்ப்போம்" என்றார்கள்; பிறகு போனால் ஃபைலில் ஒரு வரி இல்லை. ஒரு தவணை போனது. அதனால் மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பீடச் சபை கூடித்தான் முடிவெடுக்கும், நாள் பிடிக்கும்.

இன்னொன்று. பட்டங்களை மட்டங்களாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் (SLQF) ஆய்வோடு கூடிய முதுமாணி (மாஸ்டர்ஸ்) 10ஆம் மட்டம், 60 கிரெடிட், அதில் ஆய்வுக்குக் குறைந்தது 15. பாடநெறி மட்டுமான முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். முடித்த பாடங்களை வைத்து அந்தப் பட்டத்தோடு வெளியேற உங்கள் நிறுவனம் விடுமா என்று மாணவர் கைநூலில் பாருங்கள். நீங்கள் பதிவான ஆண்டின் கைநூலைப் பாருங்கள், புதியதை அல்ல. ஆனால் பிஎச்.டி. எண்ணம் இருந்தால் ஆய்வை விடாதீர்கள். கடிதத்தை எழுதிவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.