பெட்ரோலைக் குடிப்பது நாலு சக்கர இழுவையா, போடிமெட்டு ஏற்றமா?

கேரளத்துப் பூப்பாறையிலிருந்து ஏலத்தோட்டக்காரத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாருதி கிராண்ட் விட்டாராவில் நாலு சக்கரமும் இழுக்கிற மேனுவல் வண்டி வாங்கினேன். கம்பெனி சொன்ன மைலேஜ் 19.38. வாரத்தில் மூன்று நாள் போடிக்குப் போய் வருகிறேன். திரும்பி ஏறி வரும்போது டேஷ்போர்டு 8, 9 என்றுதான் காட்டுகிறது. ‘நாலு சக்கரம் இழுத்தால் குடிக்கத்தான் செய்யும், இதைத் தள்ளிவிட்டு முன் சக்கர இழுவை வண்டியை வாங்கு’ என்கிறார் மச்சான். விற்றுவிடலாமா?”

விற்க வேண்டாம் தம்பி. உங்கள் வண்டி குடிக்கவில்லை, மலை குடிக்கிறது. வேறு எந்த வண்டியை வாங்கினாலும் அந்தப் பங்கை மலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மலையடிவாரத்து முந்தலிலிருந்து மேலே கேரள எல்லையில் இருக்கிற போடிமெட்டு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதற்குள் வண்டி ஏறுகிற உயரம் சுமார் 1,000 மீட்டர். வண்டி, நீங்கள், கூட ஒருவர், பின்னால் சாமான் என்று 1,500 கிலோ வைத்துக்கொள்வோம். இதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும், வீட்டு மின்சார மீட்டர் கணக்கில் சொன்னால், 4 யூனிட் சக்தி வேண்டும். இப்போது நாம் போடுகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு எட்டரை யூனிட் போல இருக்கிறது. அதில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்கு வந்து சேரும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, தூக்குகிற வேலைக்கே ஒன்றே முக்கால் லிட்டர். சமதளத்தில் ஓடினாலும் அந்த 20 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் ஆகும். இரண்டும் சேர்த்து 3 லிட்டர். மெட்டு வரைக்கும் மைலேஜ் 7-க்குள்தான் நிற்கும். போடி–முந்தல் சமதளமும் மெட்டுக்கு அப்புறம் பூப்பாறைக்கு இறங்குகிற ரோடும் சேரும்போது அது 8, 9 ஆகிறது. உங்கள் டேஷ்போர்டு பொய் சொல்லவில்லை.

கம்பெனி சொன்ன 19.38 சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைகளின் மேல் ஓட்டி எடுத்த எண். அங்கே கொண்டை ஊசி வளைவும் கிடையாது, மேடும் கிடையாது. அந்த எண் ஒரே ஒரு காரியத்துக்கு உதவும்: ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடலாம். அதே என்ஜின், அதே மேனுவல் கியர், முன் சக்கர இழுவை மட்டும் உள்ள கிராண்ட் விட்டாராவுக்குக் கொடுத்த எண் 21.11. வித்தியாசம் 8 சதவீதம். மச்சான் சொல்வதில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான்.

பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற ஷாஃப்ட்டும் பின் அச்சில் கியர்கள் இருக்கிற பின் ஹவுசிங்கும் சேர்ந்து 60 கிலோ கூடுதல் என்று வைத்தாலும், அந்த 60 கிலோவை மெட்டுக்குத் தூக்க ஆகும் பெட்ரோல் 70 மில்லி. பூப்பாறைக் கடையில் கொடுக்கிற டீ கிளாஸ் கூட நிறையாது. மீதி வித்தியாசம் அந்தப் பாகங்கள் சுற்றுகிற உராய்வில் போகிறது.

இதை ரூபாயில் பார்த்தால்தான் மனசு அமைதியாகும். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைப்போம். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த சராசரியில் முன் சக்கர வண்டி 15 கொடுத்தால் உங்களுடையது 13.8 கொடுக்கும். 800 லிட்டருக்குப் பதில் 870 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 7,000 ரூபாய், மாதம் 600 ரூபாய்க்குக் கீழே. வண்டியை விற்று மாற்றினால் விலையில் விழுகிற நஷ்டம் இதைப்போலப் பல வருஷத்துக்குச் சமம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில், களிமண் வழுக்குகிற தோட்டத்து வழியில், வேலையாட்களை ஏற்றிக்கொண்டு நிற்கிறவருக்கு அந்த 600 ரூபாய் வீண் செலவே இல்லை.

ஏறும்போது டேஷ்போர்டைப் பார்த்துப் பயப்படுவதை விடுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்க் ஃபுல் செய்து, ஒரு 500 கிலோமீட்டர் ஏறி இறங்கிவிட்டு, மறுபடி அதே பங்கில் ஃபுல் செய்து வகுத்துப் பாருங்கள். 13, 14 வந்தால் வண்டி நலமாக இருக்கிறது. 11-க்குக் கீழே போனால் கொண்டு வந்து காட்ட வேண்டும்.

இறக்கத்தில்தான் நம் ஆட்கள் பெரிய தப்பு பண்ணுகிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள், சிலர் என்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். என்ஜின் அணைந்தால் பிரேக் மிதிக்குக் கிடைக்கிற துணைபலம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நியூட்ரலிலோ என்ஜின் அணையாமல் இருக்கத் தானே பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். செகண்ட் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தால், இந்தக் கால வண்டியில் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். சக்கரம் என்ஜினைச் சுற்றும், பெட்ரோல் சொட்டுக்கூடப் போகாது. முந்தலில் வந்து நிற்கிற வண்டிகளில் சக்கரத்துப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனாலே தெரியும். கியரில் இறங்கிய வண்டியில் வெதுவெதுப்பு, நியூட்ரலில் இறங்கியதில் அனலும் கருகிய வாடையும். நாலு சக்கர இழுவை ஏற்றத்தில்தான் கை கொடுக்கும், இறக்கத்தில் வண்டியை நிறுத்தித் தராது. இதை மட்டும் மறக்கவே கூடாது.

ஏறும்போது கியரைக் குறைக்கத் தயங்காதீர்கள். மெட்டுப் பக்கம் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைவு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத உங்கள் என்ஜினின் இழுவையும் அதே அளவுக்குக் குறையும். மூன்றாவது கியரில் திணறடிப்பதைவிட இரண்டாவதில் சீராக ஏறுவது நல்லது. மோடு திருகு ஆட்டோவிலேயே இருக்கட்டும். லாக் என்பது சேற்றில் சிக்கினால் போட்டு, வெளியே வந்ததும் எடுக்க வேண்டியது.

இப்போது உண்மையான செலவுக்கு வருகிறேன். நாலு சக்கர இழுவை வண்டியில் காசைத் தின்பது டயர். போன மழைக்கு முன் ஒரு தோட்டக்காரர் வண்டி என் பட்டறைக்கு வந்தது. பின் இரண்டும் புத்தம் புதுசு, முன் இரண்டும் தேய்ந்து பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டையின் உயரம், 3 மில்லிமீட்டர். ஹவுசிங் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றார். புது டயரில் பட்டன் 8 மில்லிமீட்டர் இருக்கும். அந்த 5 மில்லிமீட்டர் வித்தியாசத்தில், 215/60 ஆர்17 அளவு டயரில், தேய்ந்த சக்கரம் கிலோமீட்டருக்கு ஏழு சுற்று அதிகம் சுற்றும். முன் சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, காய்ந்த தார் ரோட்டிலும் பின் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இழுக்கும். பின் சக்கரத்துக்குச் சக்தியைச் சேர்த்துப் பிரிக்கிற கிளட்ச் சூடாகும், பெட்ரோலும் வீணாகும். அவருக்கு நாலையும் ஒரே மாதிரி போட்டபிறகு விளக்கு எரியவில்லை.

அதனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போடுங்கள். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். கல் கிழித்து ஒன்று போனால் ஒன்றை மட்டும் புதுசாகப் போடாதீர்கள், மற்றவற்றின் பட்டனை அளந்துவிட்டு முடிவெடுங்கள். காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பிடியுங்கள். பின் ஹவுசிங்குக்கும் சக்தியைப் பின்னுக்குப் பிரித்து அனுப்புகிற, முன்னால் உள்ள டிரான்ஸ்ஃபருக்கும் தனித்தனி ஆயில் உண்டு, புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஓடையில் இறக்கி ஏற்றுகிற வண்டி என்றால் அதற்கு முன்பே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

பெட்ரோலை முடிந்தவரை போடியிலேயே நிறைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு சேர்ந்தது, இரண்டு பக்கத்துக்கும் சில ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. டேங்க் நிறைந்தால் கனம் ஏறும் என்பார்கள். 45 லிட்டரும் சேர்ந்து 33 கிலோதான், அதைத் தூக்க 40 மில்லி.

மாருதியின் இன்னொரு நாலு சக்கர இழுவை வண்டியான ஜிம்னி வாங்கலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கம்பெனி எண் மேனுவலுக்கு 16.94. மலை வண்டியாக அதன் அருமை, மெதுவாக ஏறுவதற்கான தனி ‘லோ’ கியர். அது உங்கள் வண்டியில் இல்லை. தோட்டத்துக்குள் ஜீப் மட்டுமே ஏறுகிற வழி இருந்தால் ஜிம்னி நியாயம். ஆனால் தார் ரோட்டில் அதன் நாலு சக்கர லீவரைப் போடக் கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே சுற்று வித்தியாசத்தைத் தாங்குகிற பாகம் அதில் கிடையாது, வளைவில் ஒன்றையொன்று முறுக்கும்.

கடைசியாக ஒன்று. ரோட்டில் வண்டி நின்றுவிட்டால், முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கிற வண்டியை அனுப்பாதீர்கள், பின் சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே கிளட்ச் போய்விடும். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.