செக் புக், செக் சட்டை, செஸ் செக்: எல்லாம் ஒரே சொல்லா?

கேள்வி: எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர் வங்கிச் செக் என்ற சொல்லை ஆங்கிலத்தில் 'சி-கே' (check) போட்டு முடிக்கிறார். நம் வங்கித் தாளில் 'கியூ' (cheque) இருக்கிறது. எது சரி? சட்டையில் இருக்கும் செக், செஸ்ஸில் வைக்கும் செக் இதெல்லாமும் அந்தச் சொல்தானா?

பதில்: இரண்டும் சரி. அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் 'சி-கே'தான். பிரிட்டனிலும் இந்தியாவிலும் வங்கிச் செக்குக்கு மட்டும் 'கியூ'. நம்முடைய 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமே அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் சரிபார்க்கச் சொல்லும்போது எந்த நாட்டிலும் 'கியூ' வராது. "கணக்கைச் செக் பண்ணுங்கள்" என்று மெயில் எழுதும் இடத்தில்தான் நம் ஆட்கள் பலர் வழுக்குகிறார்கள்.

சரி, உறவுமுறைக்கு வருவோம். மூலவர் பாரசீக 'ஷா', அதாவது அரசர். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று எச்சரிப்பார்கள். அது அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'செக்' ஆனது. அதன் பிரெஞ்சுப் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்'. ராஜாவுக்குச் செக் வைத்தால் மற்ற திட்டத்தையெல்லாம் நிறுத்திவிட்டு அவரைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் தடுப்பது, கட்டுக்குள் வைப்பது என்ற பொருள்கள் வந்தன, அப்புறம் சரிபார்ப்பது.

சட்டைக்கு வந்தது பலகையின் கட்டங்கள். இங்கே ஒரு சுவையான கிளைக்கதை. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்கைக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய்களை நகர்த்திப் பார்த்தார்கள். சதுரங்கப் பலகை போலிருந்ததால் அந்தக் கருவூலத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப்பெயரில் அது இன்றும் இருக்கிறது.

வங்கிச் செக் கடைக்குட்டி. 18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்கக் கையில் வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு அது கிழித்துக் கொடுக்கும் தாளுக்குத் தாவியது. 'கியூ' எழுத்து ஒட்டிக்கொண்டதில் எக்ஸ்செக்கரின் செல்வாக்கு உண்டு.

அமெரிக்கருடன் பழகுவதால் இன்னும் இரண்டு: அவர் ஹோட்டலில் செக் கேட்டால் பில் கேட்கிறார். படிவத்தில் கட்டத்தைச் செக் செய்யச் சொன்னால் டிக் அடியுங்கள். செக் குடியரசு மட்டும் இந்தக் குடும்பத்துக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. அது ஒரு ஸ்லாவிய மக்களின் பெயர்.