வெட்டிய வரியைத் திரும்பச் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் வாரந்தோறும் நடக்கும் கவிதைப் பட்டறையில், வாவியில் மீன்பிடிக்கும் என் அப்பாவைப் பற்றி எழுதிய கவிதையை வாசித்தேன். 'அவர் கைகளில் வறுமையின் கண்ணீர் வழிகிறது' என்ற வரியை எல்லோரும் பாராட்டினார்கள்; 'காய்ந்த விரலிடுக்கில் ஒரு செதில் ஒட்டிக் கிடக்கிறது' என்ற வரியை வெட்டச் சொன்னார்கள். வெட்டிவிட்டேன். இப்போது அது என் கவிதையாகவே தெரியவில்லை. திருத்துவது என்பது இதுதானா, ஐயா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: செதிலைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். 'வறுமையின் கண்ணீர்' எந்த ஊர் அப்பாவுக்கும் பொருந்தும் தொடர். மேடைகளில் பலமுறை கேட்டுப் பழகியதால்தான் காதில் விழுந்தவுடன் கைதட்டத் தோன்றுகிறது. செதில் அப்படியல்ல. விடியற்காலையில் தோணி கரைக்கு வந்து, வலையிலிருந்து மீனை ஒவ்வொன்றாகக் கழற்றி முடித்துக் கையைக் கழுவிய பிறகும் அது போகாமல் ஒட்டியிருந்ததை, பக்கத்தில் நின்று பார்த்த ஒரு மகளால்தான் எழுத முடியும்.

நம் பழைய அகப்பாடல்களின் வழியும் இதுவே. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை 'முதல்' (நிலமும் பொழுதும்), 'கரு' (அந்நிலத்தில் உள்ளவை), 'உரி' (உணர்வு) என்று மூன்றாக வகுக்கும்போது பறவையும் மரமும் நீரும் தொழிலும் கருப்பொருளுக்குள் அடங்குகின்றன. பாடலின் உணர்வாகிய உரிப்பொருளை அவைதாம் சுமந்து நிற்கின்றன. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளுக்குள் முடிந்துவிடுபவை என்பதால், விளக்கத்துக்குச் செலவழிக்க அந்தப் புலவர்களிடம் அடிகள் மிச்சமிருக்கவில்லை. உங்கள் செதிலும் கருப்பொருள்தான், தங்கையே.

ஆனால் உங்கள் நண்பர்களை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த இடத்தில் அவர்களுக்கு ஏதோ இடறியது உண்மை; இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நின்றதால், ஒன்று உரத்துப் பேச மற்றது அற்பமாகத் தெரிந்திருக்கிறது. எங்கே இடறியது என்பதை அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்பதை இரண்டு மூன்று நாள் கழித்து, தனியே இருந்து நீங்களே முடிவுசெய்யுங்கள். கண்ணீரை எடுத்துவிட்டு நான் எழுதிப் பார்த்தது இது:

அப்பா கை கழுவுகிறார்.
காய்ந்த விரலிடுக்கில்
இன்னும் ஒரு செதில்.

'ஒட்டிக் கிடக்கிறது' என்பதும் போய்விட்டதைக் கவனியுங்கள். 'இன்னும்' என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கழுவுகிற கை எப்படிக் காய்ந்திருக்கும் என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. 'வெடித்த விரலிடுக்கு' என்று மாற்றலாமா என்பதை உங்கள் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பழைய பிரதி எதையும் கிழிக்காதீர்கள். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கவிதையை முதல் வரியிலிருந்து கொப்பியின் புதிய பக்கத்தில் கையால் எழுதுங்கள். எழுத அலுப்புத் தருகிற சொல் பெரும்பாலும் தேவையில்லாத சொல்லாகவே இருக்கும். பட்டறையில் உங்கள் கவிதையை வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் பேசாமல் கேளுங்கள். மாணவப் பருவத்தில் நான் பாராட்டுக் கிடைத்த சொற்களையே திரும்பத் திரும்ப எழுதினேன். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கொப்பியைப் புரட்டியபோது அதில் எங்கள் ஊர் எங்குமே இருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி: யாப்புப் படிக்காமல் கவிதையைத் திருத்தப் பழக முடியுமா?
– மாணவர், அக்கரைப்பற்று

பதில்: முடியும். ஆனால் அசையும் சீரும் தெரிந்தவருக்கு ஓர் அடி ஏன் தளர்கிறது என்பதற்குக் காரணம் தெரியும். உங்கள் மாவட்டத்துப் பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் (1931–1975) மரபு யாப்புக்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்தவர். அவருடைய கவிதைகளை உரக்க வாசியுங்கள். பிறகு ஒரு மாதம், நாளுக்கு ஒரு வெண்பா எழுதிப் பாருங்கள். ஈற்றடி 3 சீரில் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாடு, ஒரு சொல்லை எடுப்பதா மாற்றுவதா என்று தினமும் உங்களை யோசிக்க வைக்கும்.