பேட்டன்ட்டில் பாதியை விற்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 44. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்துவிட்டு கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்குச் செய்யும் ஜாப் ஒர்க்கில் செலவு போக வருடம் 3 லட்சம் ரூபாய் மிஞ்சும். தேங்காய் மட்டை உரிக்க ஒரு மெஷின் செய்தேன். காய் சிறிசோ பெரிசோ, இரண்டு ரோலருக்கு நடுவே உள்ள இடைவெளி ஸ்பிரிங்கில் தானாக அட்ஜஸ்ட் ஆகும், ஓடு உடையாது. 2023 ஜூனில் என் பெயரில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தேன். போன மாதம் கிடைத்துவிட்டது. மெஷின் விலை 78,000 ரூபாய், எனக்கு 24,000 நிற்கும். கடந்த வருடம் 31 மெஷின் போனது. மாதம் 5 வரை என்னால் செய்து கொடுக்க முடியும்.

பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர், பேட்டன்ட்டில் பாதிப் பங்கு எழுதிக் கொடுத்தால் 12 லட்சம் தருகிறேன் என்கிறார். ராஜ்கோட்டில் உள்ள ஒரு கம்பெனி 3 சதவீத ராயல்டிக்கு லைசென்ஸ் கேட்கிறது. வீட்டை அடமானம் வைத்து 35 லட்சம் வாங்கி நாமே பெரிதாகச் செய்யலாம் என்கிறார் மச்சான். பேட்டன்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், இதே மெஷினுக்கு இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸிலும் எடுத்துத் தர 8 லட்சம் கேட்கிறார். கையில் 9 லட்சம் சேமிப்பு, மனைவியிடம் 40 பவுன், கடன் இல்லாத வீடு. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. அடுத்ததாக மட்டையைச் சிப்ஸாக வெட்டும் மெஷினும் தயாராகிவிட்டது. ஜூலையில் கொடிசியா கண்காட்சியில் வைக்கலாம் என்றிருக்கிறேன். எதைச் செய்வது?

(பெயர் வேண்டாம், கணபதி, கோவை)

பதில்: 12 லட்சம், 35 லட்சம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 800 ரூபாய் விஷயம் இருக்கிறது. காப்புரிமை (பேட்டன்ட்) கிடைத்தால் மட்டும் போதாது, மூன்றாம் ஆண்டிலிருந்து வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால்தான் அது உயிரோடு இருக்கும். உங்களுக்கு மூன்றாம் ஆண்டுக் கட்டணம் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும். காப்புரிமை பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கட்ட வேண்டும். நான்காம் ஆண்டுக்கு வரும் ஜூனுக்குள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இப்போது ஆண்டுக்கு 800 ரூபாய்தான். ஏழாம் ஆண்டிலிருந்து 2,400, பதினொன்றிலிருந்து 4,800, பதினாறிலிருந்து 8,000. இருபது ஆண்டுக்கும் சேர்த்து 76,800 ரூபாய். ஏஜென்ட் நினைவுபடுத்துவார் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் போன் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

சரி, பொள்ளாச்சிக்காரர்.

அவர் சொல்லும் விலை அநியாய விலை இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். 31 மெஷினுக்கு 24,000 வீதம் உங்கள் லாபம் 7.44 லட்சம். அதில் உங்கள் உழைப்புக்கு மாதம் 30,000 கூலி என்று கழித்தால் 3.84 லட்சம் நிற்கிறது. கண்டுபிடிப்பு சம்பாதித்துக் கொடுப்பது இந்தத் தொகைதான். பாதி என்றால் 1.92 லட்சம். காப்புரிமை 2043 ஜூனில் முடியும், இன்னும் 17 ஆண்டு. வருடம் 1.92 லட்சம் வீதம் 17 ஆண்டு வரப்போகும் பணத்துக்கு, 15 சதவீத வட்டி வைத்துப் பார்த்தால் இன்றைய மதிப்பு சுமார் 11.6 லட்சம். ஆக 12 லட்சம் கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பாதிப் பங்கு என்று அவர் கையில் போவது பாதி லாபம் இல்லை. காப்புரிமைச் சட்டம் 1970-இன் 50-வது பிரிவைப் படியுங்கள். தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாதவரை, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் அந்தக் கண்டுபிடிப்பைத் தன் லாபத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மற்றவருக்கு ஒரு பைசா கணக்குக் காட்ட வேண்டியதில்லை. கூட்டுக் கிணறாக இருந்தால்கூட முறை வைத்துத்தான் தண்ணீர் இறைப்பார்கள். இதில் முறையே கிடையாது. அவர் நாளைக்கே ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையைத் தன் ஏஜென்டாக வைத்துக்கொண்டு வருடம் 300 மெஷின் செய்து விற்கலாம், நீங்கள் வாய் திறக்க முடியாது. அதற்கு மேல் இன்னொன்று: யாருக்காவது லைசென்ஸ் கொடுக்கவும், உங்கள் பங்கை விற்கவும் அவர் சம்மதம் வேண்டும். ராஜ்கோட் கம்பெனியோடு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் முடியாது என்று சொன்னால் அத்தோடு சரி. 12 லட்சத்துக்கு நீங்கள் விற்பது பாதி லாபத்தை இல்லை, தனி உரிமை முழுவதையும்.

அவரை விரட்டிவிடவும் வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலையில் எந்தக் களத்தில் எத்தனை காய் விழுகிறது, எங்கே ஆள் கிடைக்காமல் உரிக்காத காய் குவிந்து கிடக்கிறது என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். அந்தப் பகுதிக்கு விற்பனை உரிமை கொடுங்கள். மெஷினுக்கு 6,000 கமிஷன், 3 லட்சம் முன்பணம், அதை மெஷின் எடுக்க எடுக்கக் கழித்துக்கொள்ளலாம். பங்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், தயாரித்து விற்பதற்கு ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கி அதில் பங்கு கொடுங்கள். காப்புரிமை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், கம்பெனிக்கு லைசென்ஸ் மட்டும். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அவர் கண் எதில் என்று புரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது ராஜ்கோட் வழி. ஆனால் இப்போது சொல்லும் 3 சதவீதத்துக்கு இல்லை. 78,000-க்கு 3 சதவீதம் என்றால் 2,340 ரூபாய். நீங்களே ஒரு மெஷின் விற்று எடுக்கும் பணத்துக்கு அவர்கள் பத்துக்கு மேல் விற்க வேண்டும். 5 கேளுங்கள், 4-க்கு இறங்கலாம். சதவீதத்தைவிட முக்கியம், குறைந்தபட்ச ராயல்டி. விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு 150 மெஷினுக்கான ராயல்டி வந்தாக வேண்டும். 4 சதவீதத்தில் அது 4.68 லட்சம். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிக்காரனின் மெஷினை லைசென்ஸ் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டுத் தன் பழைய மாடலை விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் உங்களுக்கே வைத்துக்கொண்டு குஜராத், கர்நாடகம், ஆந்திரத்தை மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், காப்புரிமை அலுவலகப் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.

எத்தனை விற்றார்கள் என்று அவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ராஜ்கோட் வரை போக வேண்டியதில்லை. மெஷின் முகப்பில் அடிக்கும் நேம்பிளேட்டை உங்கள் பட்டறையிலிருந்தே அனுப்புங்கள். சீரியல் நம்பர் பஞ்ச் செய்து, 50 பிளேட் 50 பிளேட்டாக, முந்தைய கட்டுக்கு ராயல்டி வந்த பிறகு அடுத்த கட்டு. அந்த பிளேட்டில் காப்புரிமை எண்ணும் இருக்கட்டும். வெறுமனே 'பேட்டன்டட்' என்று போட்டால் போதாது. எண் இல்லாவிட்டால், காப்பியடித்தவன் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி நஷ்டஈட்டிலிருந்து தப்பிக்கச் சட்டத்தின் 111-வது பிரிவு வழி விடுகிறது. இதுவரை விற்ற மெஷின்களிலும் சர்வீஸுக்குப் போகும்போது மாட்டிவிட்டு வாருங்கள்.

வரி. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, பழைய எண்ணிலேயே சொல்கிறேன், உங்கள் ஆடிட்டருக்குப் புரியும். காப்புரிமை ராயல்டிக்கு இரண்டு சலுகை. 80ஆர்ஆர்பி: 3 லட்சம் வரை கழிவு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும், அதுவும் கண்டுபிடித்த தனிநபருக்கு மட்டும். 115பிபிஎஃப்: ராயல்டிக்குத் தட்டையாக 10 சதவீத வரி, செலவு எதையும் கழிக்க முடியாது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜாப் ஒர்க்கும் மெஷின் லாபமும் சேர்ந்து தொழில் வருமானம் 10.44 லட்சம், ராயல்டி 4.68 லட்சம், மொத்தம் 15.12 லட்சம். புதிய முறையில் சாதாரணமாகக் கட்டினால் செஸ் நீங்கலாக 1,06,800. ராயல்டிக்கு 10 சதவீத வழி எடுத்தால் 91,200. பழைய முறையில் 3 லட்சமும் 80சி-யில் ஒன்றரை லட்சமும் கழித்தால்கூட 1,31,100. ஆக 10 சதவீத வழிதான் உங்களுக்கு. ராயல்டி குறைந்து மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் நின்றால் கதை மாறும். அப்போது புதிய முறையில் தள்ளுபடி போக வரியே வராது, 10 சதவீதத்துக்குப் போனால்தான் வீணாகக் கட்டுவீர்கள். அந்த 10 சதவீத வழியில் ஒரு முறை சேர்ந்து வெளியே வந்தால் 5 ஆண்டுக்குத் திரும்ப நுழைய முடியாது. அதனால் முதல் வருட ராயல்டி கைக்கு வந்து, தொடர்ந்து வரும் என்று தெரிந்த பிறகே முடிவெடுங்கள். நீங்களே செய்து விற்கும் மெஷினின் லாபம் ராயல்டி கணக்கில் சேராது. ராயல்டி பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட வேண்டும். ராஜ்கோட்காரர்கள் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரி) பிடித்துக்கொண்டு தருவார்கள், அதிர்ச்சியாக வேண்டாம்.

மச்சான் யோசனைக்கு நான் தலையாட்ட மாட்டேன். 35 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 46,250. வருடம் 5.55 லட்சம். 31 மெஷினில் 23 மெஷினின் லாபம் பேங்க்குக்கே போய்விடும். அதைவிட, உங்களிடம் இடமும் மெஷினரியும் போதாமல் இல்லை. வருடம் 60 செய்யலாம், 31-தான் விற்கிறது. ஆர்டர் வரும்போது மோட்டார், கியர் பாக்ஸ், ஷாஃப்ட் வாங்கக் கையில் பணம் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு உத்யம் என்ற சிறு தொழில் பதிவுச் சான்றிதழை வைத்து, சிறு தொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் அடமானம் இல்லாமல் 6 லட்சத்துக்கு ஒரு கேஷ் கிரெடிட் (வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் கட்டும் கடன்) கேளுங்கள். வாடிக்கையாளரிடம் புக்கிங்கிலேயே 30 சதவீதம் வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கட்டும்.

ஏஜென்டின் 8 லட்சம் யோசனை எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டுக்கும் விண்ணப்பித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது 2024 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 18 மாதத்தில் உங்கள் விண்ணப்பம் இங்கே வெளியிடப்பட்டுவிட்டதால், மெஷின் உலகத்துக்கே தெரிந்த விஷயம். இனிமேல் அந்த நாடுகளில் அதைப் 'புதியது' என்று யாரும் ஏற்க மாட்டார்கள். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பணம் கொடுக்க வேண்டாம், அடுத்த விண்ணப்பத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

அந்த அடுத்த விண்ணப்பம் கொடிசியாவுக்கு முன்னால் போயாக வேண்டும். சிப்ஸ் மெஷினை ஸ்டாலில் ஓட்டிக் காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால், நீங்களே உங்கள் கண்டுபிடிப்பைப் பழசாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மத்திய அரசு அரசிதழில் தனியாக அறிவிக்கும் கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதை நம்பி இறங்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வீடியோ போடுவதும் இதே கணக்குத்தான், மகனிடமும் சொல்லி வையுங்கள். தற்காலிக விவரக்குறிப்போடு ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம். வெளிநாடு போவதா என்றும் அந்த 12 மாதத்துக்குள் முடிவு செய்யலாம். முதலில், இதே மாதிரி ஏற்கெனவே இருக்கிறதா என்று காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். மட்டை வெட்டும் மெஷின்கள் நிறைய உண்டு. தெரிந்த இரண்டு சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று 3(எஃப்) பிரிவிலேயே தட்டிவிடுவார்கள்.

யாராவது காப்பியடித்தால்? அடிப்பார்கள். காப்புரிமை உங்களுக்குத் தருவது வழக்குப் போடும் உரிமை. மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கலாம், எதிராளி 'இந்தக் காப்புரிமையே செல்லாது' என்று எதிர்வழக்குப் போட்டால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007-இல் சென்னையில் தொடங்கிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல்தான் சமரசமானது. அவர்களுக்குத் தெம்பு இருந்தது. உங்கள் 9 லட்சத்தில் 2 லட்சத்தை வக்கீல் நோட்டீஸுக்கும் முதல் கட்டச் செலவுக்கும் என்று தனியே டெபாசிட்டில் போடுங்கள், அதற்கு மேல் இழுத்தால் நஷ்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மீதி 7 லட்சத்தில் 3 லட்சம் வீட்டுச் செலவுக்கான அவசரப் பணம், 4 லட்சம் மகளின் கல்லூரி முதல் வருடத்துக்கு. பட்டறைக்கு அதில் கை வைக்கக் கூடாது. இரண்டையும் பேங்க் டெபாசிட்டிலேயே வையுங்கள், ஒரு வருடத்தில் வேண்டிய பணத்துக்கு மியூச்சுவல் ஃபண்ட் ஆகாது. பவுனைத் தொட வேண்டாம். காப்புரிமை கிடைத்துவிட்டதால், மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் திட்டத்தில் செலவைத் திரும்பக் கேட்கலாம். உள்நாட்டுக் காப்புரிமைக்கு 1 லட்சம் வரை தருகிறார்கள். ஏஜென்டிடம் ரசீதுகளை இப்போதே கேட்டு வாங்குங்கள், 8 லட்சம் இல்லை என்று சொன்ன பிறகு அவர் போன் எடுக்கிறாரோ என்னவோ.

1 கோடிக்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள். அப்புறம் ஒரு உயில். காப்புரிமையும் சொத்துதான், உங்களுக்குப் பிறகு வாரிசுகளுக்குப் போகும். எழுதி வைக்காவிட்டால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட்டு உரிமையாளர் ஆவார்கள், அந்த 50-வது பிரிவு அவர்களுக்கும் பொருந்தும். மூவரில் யார் பெயருக்கு என்று இன்றே முடிவு செய்து, உயிலில் காப்புரிமை எண்ணோடு எழுதுங்கள்.